பிழை ஒழிப்புத் துறையின் நூறு நாள்

அந்த மருத்துவமனையில் பிழைச் செய்திகள் ஒழிந்துபோனதற்குக் காரணம் ஒரு வாய்வுக் கோளாறு.

சேர்மனுக்கு நெஞ்சைப் பிடித்தது. வாய்வுதான். ஆனால் சேர்மனுடைய வாய்வு சாதாரண வாய்வாக இருக்க முடியாது என்பதால் ஐந்து மருத்துவர்கள் கூடிப் பேசி, இரண்டு நாள் படுக்கையிலேயே வைத்துக் கவனித்தார்கள். இரண்டாம் நாள் காலை, கட்டிலுக்கு எதிரே சுவரில் இருந்த திரை திடீரென்று கறுத்தது. நடுவில் ஒரே ஒரு வரி தோன்றியது. "ஆயுட்காலம் முடிந்தது. மேற்கொண்டு அனுப்ப இயலாது."

எங்கே அனுப்ப இயலாது என்றுதான் சேர்மன் முதலில் கேட்டாராம். இரண்டாவதாகத் தன் மகனைக் கூப்பிடச் சொன்னாராம்.

அது அவரைப் பற்றிய செய்தியே அல்ல. கணினி வலையில் ஒரு தகவல் பொட்டலம் வழி தவறிச் சுற்றிச் சுற்றி வந்தால், நீ இத்தனை இடம் தாண்டியாயிற்று, இனி போதும் என்று ஏதாவது ஒரு ரூட்டர் அதை அங்கேயே தீர்த்துவிட்டு, அனுப்பிய கணினிக்குத் துக்கச் செய்தி சொல்லும். அதைத் தமிழாக்கியவர் சொல்லுக்குச் சொல் ஆக்கியிருந்தார். இதைச் சேர்மனுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தார். அவரைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடப்படாத அந்த ஆளுக்கு மருத்துவமனையில் நெட்டம்மா என்று பெயர். தலைமை மருத்துவமனையின் நான்கு மாடிகளிலும், ஊரின் மறுகோடியில் இருந்த கிளை மருத்துவமனையிலும் ஓடிய நெட் கம்பிகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதான் பொறுப்பு. எந்த அறையில் நெட் நின்றாலும் "நெட்டம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் இருப்பது யாருக்கும் தெரியாது. அவளும் அதைத்தான் விரும்பினாள். மாடிப்படிக்குக் கீழே, உட்கார்ந்தால் தலை இடிக்காத ஓர் அறையில், அவளும் மூன்று இரும்பு அலமாரிகளும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரே வாரத்தில் பிழை ஒழிப்புத் துறை பிறந்தது. அதன் தலைமை அதிகாரியாக வந்தவர் அதற்கு முன் நல்வரவுத் துறையில் இருந்தவர். கோட்டில் பூஜ்ஜியம் போட்ட ஒரு வெள்ளை வில்லையைக் குத்திக்கொண்டு, "நம்ம இலக்கு இதுதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். வில்லை கொஞ்சம் நீளவாக்கில் அமைந்துவிட்டது. மறுநாளே அவர் பெயர் முட்டை சார் ஆயிற்று.

முட்டை சார் வந்த அன்றே நெட்டம்மாவை வரச் சொன்னார்.

"இந்த மாதிரிச் செய்தி ஒரு நாளைக்கு எத்தனை வரும்?"

"எட்டாயிரம், ஒன்பதாயிரம் வரும் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் பிழையா? இவ்வளவு நாளா வெளியில சொல்லாம வேலை பார்த்திருக்கீங்களே!"

"பிழை இல்லை சார். ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணை 'இருக்கியா?'ன்னு கேக்கும். அது 'இருக்கேன்'னு சொல்லும். வழி அடைச்சிருந்தா 'இந்தப் பக்கம் வராதே'ன்னு சொல்லும். சாமான் பெருசா இருந்தா 'சின்னதாப் பிரிச்சு அனுப்பு'ன்னு சொல்லும். ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதுதான்."

"யார் அனுமதி கொடுத்தது?"

"எதுக்கு சார்?"

"பேசிக்கிறதுக்கு."

 நெட்டம்மா படித்த பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை.

"சேர்மன் அறைக் கம்ப்யூட்டரைப் போய் ஒரு கம்ப்யூட்டர் 'இருக்கியா?'ன்னு கேக்குது. அது மரியாதையா? 'அடைய முடியவில்லை'ன்னு வேற சொல்லுதாம். நம்ம ஆஸ்பத்திரில அடைய முடியாதவர்னு யார் இருக்கா? பாருங்கம்மா, பிழைங்கிறது சொல்றவங்க வாயிலதான் இருக்கு. வாயை மூடினா பிழை எங்க போய் நிக்கும்?"

மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. வலையில் உண்டாகும் எல்லாக் கட்டுப்பாட்டுச் செய்திகளும் பிழைச் செய்திகளும் அனுப்பியவருக்குப் போகக் கூடாது. துறையின் வாசலில் தடுக்கப்பட்டு, துறையின் கணினியில் அடைக்கப்பட வேண்டும். மேற்கொண்டு என்ன செய்வது என்பதைத் துறைத் தலைமை முடிவு செய்யும். அந்தக் கணினி முட்டை சார் அறையின் மூலையில், மேலே ஒரு துணி போர்த்தி வைக்கப்பட்டது. முன்கூடத்தில் 'இன்றைய பிழைகள்' என்று ஒரு பலகை மாட்டினார்கள். எண் மாறும் பலகைதான் முதலில் வாங்குவதாக இருந்தது. மாறப் போவதில்லையே என்று பெயிண்டரைக் கூப்பிட்டுப் பூஜ்ஜியத்தை எழுதச் சொல்லிவிட்டார்கள்.

"சார், 'பெருசா இருக்கு, பிரிச்சு அனுப்பு'ங்கிற செய்தியை மட்டுமாவது விட்டுருங்க" என்று நெட்டம்மா கெஞ்சினாள். "கிளைக்கும் நமக்கும் நடுவுல வழி குறுகல். பாலத்துக்கு அடியில லாரி போற மாதிரி. உயரம் ஜாஸ்தின்னு சொன்னாத்தான் லாரிக்காரன் சரக்கை இறக்குவான். சொல்லலைன்னா அப்படியே நிப்பான்."

"நிக்கட்டுமே. நின்னா சத்தம் வராதில்ல?" என்றார் முட்டை சார்.

பன்னிரண்டாம் நாள், சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைக் கிளை மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கிளையில் ஸ்கேன் உண்டு. அதைப் பார்த்துக் கத்தி வைக்கிற மருத்துவர் தலைமை மருத்துவமனையில்தான் உண்டு. ஸ்கேன் எடுத்து, பத்து நாற்பத்திரண்டுக்குப் பொத்தானை அழுத்தி அனுப்பியவள் நெட்டம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பதினாறு வருடமாக அந்த அறையில் இருப்பவள்.

திரையில் 'போய்க்கொண்டிருக்கிறது' என்று வந்தது. பதினொன்றரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அக்கா தலைமைக்கு போன் போட்டாள். "இன்னும் வரலையே. போகலைன்னு அங்க ஏதாவது காட்டுதா?" என்றார்கள். காட்டவில்லை. "அப்போ வந்துடும்." ஒரு மணிக்கும் அதே பேச்சு. மூன்றரைக்கும் அதே பேச்சு. ஐந்து மணிக்கு அக்கா பொறுமை இழந்து, படத்தை ஒரு குறுவட்டில் ஏற்றி, கொத்தனாரையும் வட்டையும் சேர்த்து ஆம்புலன்ஸில் அனுப்பினாள். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் தப்பவில்லை.

அதிலிருந்து நான்காம் நாள் விசாரணை. முட்டை சார் நடுவில், இரு புறமும் இரண்டு பேர்.

"ஸ்கேனை அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன் சார்."

"போய்ச் சேர்ந்துச்சா?"

"போய்க்கொண்டிருக்கிறதுன்னு இருந்துச்சு சார். அன்னிக்குப் பூரா அப்படியேதான் இருந்துச்சு."

"போகலைன்னு ஏதாவது பிழைச் செய்தி வந்துச்சா?"

"வரல சார்."

முட்டை சார் நாற்காலியில் சாய்ந்தார். "பிழை நடந்திருந்தா பிழைச் செய்தி வந்திருக்கும். வரல. அதனால பிழை நடக்கல. அனுப்புறதுல பிழையே நடக்கலைன்னா ஸ்கேன் போய்ச் சேர்ந்திருக்கணும். சேரல. இதுக்கு ஒரே அர்த்தம்தாம்மா. நீங்க அனுப்பவே இல்ல."

அக்கா மேசையருகே ஓர் அடி வந்தாள். "பிழைச் செய்தி வரக் கூடாதுன்னு நிறுத்தி வச்சதே நீங்கதானே சார்?"

"நிறுத்தினது உண்மைதான். அது வேற ஃபைல்."

"என் மெஷின்ல வந்து பாருங்க சார். வரிசையில இன்னும் நிக்குது."

"'போய்க்கொண்டிருக்கிறது'ங்கிறது பிழைச் செய்தி இல்லம்மா. அதை நாங்க எதுக்குப் பார்க்கணும்?" என்றார் இடப்பக்கத்தவர். அதுவரை அவர் பேசியது அது ஒன்றுதான். நன்றாகப் பேசினார் என்று முட்டை சார் தலையசைத்தார்.

அக்காவைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். உத்தரவில் காரணம் என்று போட்டிருந்தது: 'பிழை ஏதுமின்றிக் கடமை தவறியமை.'

சாயங்காலம் நெட்டம்மா அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"நெசமாவே நான் அனுப்பலையோன்னு எனக்கே சந்தேகமா இருக்குடி."

"பைத்தியமா உனக்கு?"

"மூணு பேர் உக்காந்து சொல்றாங்களே. அந்தக் கொத்தனாரோட பொண்டாட்டி ஆஸ்பத்திரி வாசல்ல என்னைப் பார்த்தா. ஒண்ணும் கேக்கல. என் கையை மட்டும் பார்த்துட்டுப் போனா. அனுப்பாத கைன்னு யாரோ சொல்லியிருக்காங்க."

நெட்டம்மா அதற்கு முன் யாரையும் வெறுத்ததில்லை. வெறுப்பதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும். அவளுக்கு இருந்தவை அலமாரிகள். அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ஒரு மனிதனை எப்படி எப்படியெல்லாம் அழவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் கிளையிலிருந்து எந்த ஸ்கேனும் தலைமைக்கு வரவில்லை. பெயர், வயது, ரத்தக் கணக்கு போன்ற சின்னத் தகவல்கள் ஓடி வந்தன. படங்கள் பாலத்தடியில் நின்றன. பிழை என்று யாரும் சொல்ல முடியாதே! ஆகவே படங்களை வட்டில் ஏற்றி, அழுக்குத் துணி ஏற்றிப் போகிற சலவை வண்டியில் கொடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் அதற்கு 'நடமாடும் தகவல் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்து, முட்டை சார் ரிப்பன் வெட்டினார். சலவை வண்டிக்காரருக்கும் ஒரு வில்லை குத்தப்பட்டது. "ஒரு மூளைப் படம் தலையணை உறைக்குள்ள போய், வெள்ளாவில வெந்துருச்சு சார்" என்று அவர் அன்றைக்கே சொல்லிப் பார்த்தார். அது பிழையா என்று கேட்டார்கள். இல்லை, சலவை என்றார். அப்போது சரி என்றார்கள்.

நெட்டம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. துணி போர்த்திய அந்தக் கணினிக்குள் வந்து விழுகிற செய்திகளைக் கேட்க வேண்டும். பிழைச் செய்திக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பொட்டலத்தைத் தடுத்தார்களோ, அதன் தலைமாட்டு விலாசச் சீட்டை அப்படியே பிய்த்துத் தன்னோடு ஒட்டிக்கொண்டு வரும். யார் அனுப்பியது, யாருக்கு, எந்த வாசலில் நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். அக்காவின் இயந்திரமோ, போகாத படத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விடாமல் அனுப்பிப் பார்க்கும் சாதி. ஆனால் அந்தச் செய்திகளைச் சாதாரண நிரலால் கேட்க முடியாது. மற்ற தகவலுக்கெல்லாம் கதவு எண் உண்டு. அந்தக் கதவில் நிற்கிற நிரலிடம் போய்ச் சேரும். இவற்றுக்குக் கதவு எண்ணே கிடையாது. சுவரில் காது வைத்துத்தான் கேட்க வேண்டும். அந்தக் காதுக்கு ரா சாக்கெட், அதாவது பச்சைச் சாக்கெட், என்று பெயர். அதைத் திறக்க அந்தக் கணினியின் முழு அதிகாரம் வேண்டும். அதிகாரம் முட்டை சாரிடம் இருந்தது.

விண்ணப்பித்தாள். 'துறைக் கணினியில் ஒரு ரா சாக்கெட் திறக்க அனுமதி வேண்டும்.'

விண்ணப்பித்த ஒன்பதாம் நாள் எலக்ட்ரீஷியன் துளைக்கருவியோடு வந்து நின்றார்.

"எந்தச் சுவர்லம்மா வேணும்? பச்சையா விடணும்னு போட்டிருக்கு. மூடி போடக் கூடாதாமே?"

"அண்ணே, அது கரண்டு சாக்கெட் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது."

"எனக்குத் தெரியுதும்மா. இருபது வருஷமா வயர் இழுக்கிறேன், இப்படி ஒரு ஆர்டர் பார்த்ததில்ல. ஆனா கையெழுத்து ஆயிடுச்சு. வைக்கலைன்னா எனக்கு மெமோ."

பாவம், நல்ல மனிதர். இரண்டு கம்பியை வெளியே நீட்டிவைத்து, யாரும் தொடாமலிருக்க ஒரு வாளியைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். கோப்பில் 'வழங்கப்பட்டது' என்று முடித்தார்கள்.

இரண்டாம் விண்ணப்பத்தில் அது மின்சாரம் சம்பந்தப்பட்டது அல்ல என்று விளக்கமாக எழுதினாள். குழு கூடியது. மின்சாரம் இல்லையென்றதும் சுகாதார அதிகாரியையும் அழைத்துவிட்டார்கள்.

"ரான்னா பச்சை" என்றார் சுகாதார அதிகாரி. "பச்சையா எதுவும் ஆஸ்பத்திரிக்குள்ள வரக் கூடாது. வேகவச்ச சாக்கெட்டா எடுத்துக்க முடியாதா?"

"பச்சைன்னா இங்க நடுவுல யாரும் திருத்தாம, உள்ளது உள்ளபடி வர்றதுன்னு அர்த்தம் சார்."

உறுப்பினர்கள் பேனாக்களை மூடினார்கள். சுகாதார அதிகாரிகூடத் தண்ணீர் குடித்தார்.

"உள்ளது உள்ளபடியா?" என்றார் முட்டை சார் மெதுவாக. "அதை எதுக்கும்மா நீங்க கேக்கணும்?"

நிராகரிக்கப்பட்டது.

மூன்றாவது விண்ணப்பத்தை நெட்டம்மா தன் வாயால் எழுதவில்லை. முட்டை சாரின் வாயால் எழுதினாள். 'தலைமை அதிகாரி அவர்களின் காலடியில் தினமும் ஆயிரக்கணக்கான பிழைகள் சிறைப்பட்டுக் கிடந்தும், அவற்றுள் ஒன்றேனும் இதுவரை அவருடைய நேர்ப் பார்வைக்கு வைக்கப்படாதது பெருங்குறை. எந்தப் பிழையும் வேறெவருக்கும் முன்னதாக அவருக்கே அறிவிக்கப்படும் ஏற்பாட்டைச் செய்ய அனுமதி வேண்டுகிறேன்.'

அன்றே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். காபிகூட வந்தது.

"இதைத்தான் நான் முதல்லேருந்து சொல்றேன். எனக்குத் தெரியாம ஒரு பிழை இந்தக் கட்டடத்துல பொறக்கக் கூடாது. போனுக்கு வருமா?"

"வரும் சார். எழுத்தா வரும்."

"கண்ணாடி போட்டுப் படிச்சுக்கிட்டு இருக்க முடியாதும்மா. வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. நல்ல பெண் குரலா. நான் தூங்கினாலும் பேசினாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்துற வசதியே இருக்கக் கூடாது. என்னைக்கு ஆரம்பிக்கலாம்?"

"நாளைக்கே—"

"நூறாவது நாள் விழா வருது. மேடையில நானே பொத்தானை அழுத்தித் தொடங்கி வைக்கிறேன். சேர்மன் முன்னாடி." அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். ஒவ்வொன்றின் கீழும் அவர் கையெழுத்திட்டார். கடைசியில் அவரே பேனாவை வாங்கி, 'மிகுந்த மகிழ்ச்சியுடன்' என்று சேர்த்தார்.

சோதனைக்கு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். துணியை விலக்கி, ரா சாக்கெட்டைத் திறந்ததும், மூன்று மாதமாக வாய் பொத்திக் கிடந்த வலை கடகடவென்று பேசத் தொடங்கியது. மருந்தகத்தை அடைய முடியவில்லை. ஆய்வுக்கூடத்தை அடைய முடியவில்லை. ஆறாவது நிமிடம், அக்காவின் இயந்திரத்திலிருந்து கிளம்பிய பொட்டலம், பெரிது, பிரித்து அனுப்பவும், நின்ற இடம், பிழை ஒழிப்புத் துறை வாசல். பதினாறாவது நிமிடம், மறுபடியும். இருபத்தாறாவது நிமிடம், மறுபடியும். பதினாறு வருடம் வேலை பார்த்தவள் ஊமைபோல நின்ற இடத்தில், அவளுடைய இயந்திரம் அவளுக்காகக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நெட்டம்மா உடனே கிளைக்குப் போய், ஸ்கேன் இயந்திரத்தின் வரிசையைப் பார்த்தாள். முதல் முயற்சியின் நாளும் நேரமும், இதுவரை முயன்ற எண்ணிக்கையும் துல்லியமாக இருந்தன. அவற்றையும் தன் நிரலில் சேர்த்தாள்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னாள்.

"இதைக் கொண்டுபோய் அவர் மேசையில வச்சா முடிஞ்சுதே" என்றாள் அக்கா.

"வச்சா கிழிச்சுப் போடுவான். வேற ஃபைல்னுவான்."

"வேலை போயிரும்டி."

"போகட்டும். அவன் வாயாலயே சொல்லணும் அக்கா. ஊரு கேக்கச் சொல்லணும்."

அக்கா அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விழா அரங்கத்தில் இருநூறு பேர். முன்வரிசையில் சேர்மன், வெளியூர் மருத்துவமனைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் நான்கு பேர். முட்டை சார் புதுக் கோட்டில் பெரிய வில்லையோடு வந்தார். கழுத்துப்பட்டியில் மைக். அதற்கு நான்கு விரல் கீழே, சட்டைப் பையில் போன். பொத்தானை அழுத்தினார், கைதட்டினார்கள், பேசத் தொடங்கினார்.

"நூறு நாளைக்கு முன்னாடி, இந்த மருத்துவமனையில எதைத் தொட்டாலும் குறை சொல்லும். இன்னிக்கு ஒரு இயந்திரமாவது வாயைத் திறக்குதா?"

"மருந்தகக் கணினியை அடைய முடியவில்லை" என்றது ஒரு பெண் குரல், அரங்கமெங்கும்.

அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. "பிழைங்கிறது ஒரு மனநிலை. நாம கேட்டாத்தான் அது—"

"பிழை ஒழிப்புத் துறையின் அச்சுப்பொறியை அடைய முடியவில்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உதவி அதிகாரி இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எண்ணிக் கைதட்டினார். கூடவே பலர் தட்டினார்கள். முட்டை சாருக்குத் தெம்பு வந்தது. "இதுதான்! ஒரு பிழையும் எனக்குத் தப்பாது. எல்லாம் முதல்ல என் காதுக்குத்தான்."

"பொட்டலம் பெரிது. பிரித்து அனுப்பவும். அனுப்பிய இடம், கிளை மருத்துவமனை ஸ்கேன் அறை. நின்ற இடம், பிழை ஒழிப்புத் துறை வாசல். முதல் முயற்சி, துறையின் பன்னிரண்டாம் நாள், காலை பத்து நாற்பத்திரண்டு. இது பன்னிரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழாவது முயற்சி."

இம்முறை யாரும் தட்டவில்லை. முட்டை சார் போனை எடுத்து அமுக்கிப் பார்த்தார். அது 'ஆய்வுக்கூடத்தை அடைய முடியவில்லை' என்றது. உதவி அதிகாரியிடம் நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாக மைக்குக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்.

சேர்மன் எழுந்தார். "அது என்னய்யா வாசல்?"

"நம்ம வாசல்தான் சார்."

"அங்க எதுக்கு நின்னுச்சு?"

முட்டை சாருக்கு எல்லாக் கேள்வியும் பாராட்டாகவே காதில் விழும். "விடலை சார். பன்னிரண்டாயிரம் தடவை வந்து முட்டியும் ஒரு தடவைகூட விடலை. அவ்வளவு விழிப்பா இருந்திருக்கோம்."

"அப்போ அந்த ஸ்கேன் அறைப் பொண்ணு அன்னிக்கே அனுப்பியிருக்கா?"

"அனுப்பினா சார். இன்னிக்கு வரைக்கும் அனுப்பிக்கிட்டேதான் இருக்கா." சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டுக் கதவோரம் நின்ற நெட்டம்மா, அவர் உதடு நடுங்குவதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நடுங்கட்டும் என்று நின்று பார்த்தாள். அவர் அவளைக் கண்டுபிடித்து, "நிறுத்தும்மா" என்று கையைக் காட்டினார். அவள் விண்ணப்பத்தின் நகலை உயர்த்தி, நிறுத்துற வசதி இருக்கக் கூடாது என்று அவர் கையெழுத்திட்ட இடத்தை விரலால் காட்டினாள்.

அன்று விழாவைப் பாதியில் முடித்தார்கள். இரண்டு வாரத்தில் புதுக் குழு ஒன்று அறிக்கை தந்தது: 'பொட்டலம் தன் பருமனை முன்கூட்டியே தெரிவிக்கத் தவறியது.' அக்காவுக்குக் கடிதம் வந்தது. பிழை ஏதும் நடக்காததால் அவருடைய பணியிடைநீக்கமும் நடக்கவில்லையாம். திங்கட்கிழமை வேலைக்கு வரலாமாம். முட்டை சாரை அந்தத் துறையிலிருந்து தூக்கிவிட்டார்கள். தூக்கி, ஒரு மாடி மேலே, தரத் தலைமை ஆலோசகராக உட்காரவைத்தார்கள். நெட்டம்மாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்த விண்ணப்பத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டிவருமே!

"விட்டுத் தொலை. எனக்கு வேலை வந்துருச்சுல்ல" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை, யாரிடமும் கேட்காமல், நெட்டம்மா வாசலைத் திறந்துவிட்டாள். 'பிரித்து அனுப்பு' என்ற செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போனது. அக்காவின் இயந்திரம் அதைக் கேட்டு, படத்தைப் பிரித்து, நாற்பது வினாடியில் தலைமைக்குச் சேர்த்தது. பத்து நிமிடம் கழித்து ஸ்கேன் அறையில் போன் அடித்தது. அக்கா எடுத்தாள். தலைமையில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர்.

"மேடம், இப்ப ஒரு தலை ஸ்கேன் வந்திருக்கு. கொத்தனாராம். உடனே ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க. நான் தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லிட்டேன். இப்பவே வந்துட்டா ஒரு சேதமும் இல்லாமக் காப்பாத்திடலாம். கேக்குதா மேடம்? ஹலோ?"

அக்கா போனை வைத்தாள். மத்தியானம் வரை ஸ்கேன் எடுத்தாள். பிறகு தங்கையைக் கூப்பிட்டு, "அந்தாளோட வீடு எங்க இருக்கு?" என்றாள்.

கொத்தனார் வீடு பாதி பூசிய சுவரோடு நின்றது. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி அக்காவைக் கண்டதும் கதவை மறித்து நின்றாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"நான் அனுப்பினேன்மா" என்றாள் அக்கா. 

நெட்டம்மா காகிதங்களை எடுத்தாள். எந்த நேரம் படம் கிளம்பியது, எந்த வாசலில் நின்றது, அந்த வாசலை வைத்தது யார், விழாவில் அவர் சொன்னது என்ன, அன்று காலை டாக்டர் போனில் சொன்னது என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதையும் மென்று விழுங்கவில்லை. பெயரைச் சொன்னாள், பதவியைச் சொன்னாள், இப்போது எந்த மாடியில், எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னாள். மனைவி கதவை விட்டு விலகி, சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

கொத்தனார் இடது கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"கோர்ட்டுக்குப் போனா நிக்குமா?"

"அவரே இருநூறு பேருக்கு முன்னாடி ஒத்துக்கிட்டாரு அண்ணே. பத்திரிகையில வந்திருக்கு. நான் சாட்சி சொல்றேன்."

"நானும்" என்றாள் அக்கா.

"எத்தனை கையெழுத்து போடணும்?"

"பக்கத்துக்கு ஒண்ணு. மனுவும் ஆதாரமும் சேர்த்து நாப்பத்தொரு பக்கம். கைநாட்டு வச்சாலும் போதும் அண்ணே."

"வேணாம்" என்றார். மனைவி ஒரு பலகையை மடியில் வைத்தாள். இடது கையில் பேனாவைச் செருகினாள். முதல் எழுத்து கோணலாகப் போய்ப் பக்கத்து வரியில் ஏறியது; அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்ப இழுத்துவந்தார். முதல் பக்கம் முடிய ஆறு நிமிடம் ஆயிற்று. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"மிச்சத்தை நாளைக்குப் போடலாமே" என்றாள் அக்கா.

கொத்தனார் பேனாவை விடவில்லை. "அடுத்ததை வைம்மா" என்றார்.